ஜி.ஐ. பைப் வெல்டிங் செய்த இரவில் குளிர்காய்ச்சல் வருவது ஏன்?

கேள்வி: கிரில் பட்டறை, ஈரோடு

அனைவருக்கும் வணக்கம். மூன்று பேரை வைத்துக்கொண்டு கேட், கிரில், மாடிக் கூரை செய்யும் சிறிய பட்டறை நடத்துகிறேன். சென்ற வாரம் மழை பெய்ததால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளேயே நாள் முழுவதும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புகளை வெல்டிங் செய்தோம். அன்றிரவு எங்கள் தம்பி ஒருவருக்கு உடல் நடுங்கும்படி குளிரும் காய்ச்சலும் வந்தன. நாக்கில் செப்புக் காசை வைத்தது போன்ற சுவை இருப்பதாகவும் சொன்னார். மறுநாள் மாலைக்குள் தானாகவே சரியாகிவிட்டது. பால் குடித்துவிட்டு வேலை செய்தால் புகை ஒன்றும் செய்யாது என்று பக்கத்துப் பட்டறையில் சொல்கிறார்கள், அது உண்மையா? அதே நாளில், வேர்வையில் நனைந்த கையுறையோடு வெல்டிங் ராடு மாற்றும்போது அவருக்கு ஷாக்கும் அடித்தது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருந்தும் அது ட்ரிப் ஆகவில்லை. அந்தப் பிள்ளையின் உயிருக்கு நான் பொறுப்பு என்பதால் விவரமாகக் கேட்கிறேன்.

பதில் 1: மூத்த வெல்டர்

தம்பிக்கு வந்தது உலோகப் புகைக் காய்ச்சல். ஜி.ஐ. பைப்பின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகுவதற்கோ ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். ஆகவே இரும்பு உருகிச் சேர்வதற்குள் பூச்சு முழுவதும் ஆவியாகி, காற்றில் கலந்து வெண்புகையாகிறது. அதைச் சுவாசித்த சில மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும் என்பதால், பலர் அதை மழைக் காய்ச்சல் என்றே எண்ணி மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். தினமும் இந்த வேலையைச் செய்பவருக்கு உடல் சற்றுப் பழகிவிடும். ஞாயிறு ஓய்வெடுத்துத் திங்கள் திரும்பினால் அந்தப் பழக்கம் போய்க் காய்ச்சல் மீண்டும் வரும்.

பால் வயிற்றுக்குத்தான் போகிறது, புகை போவது நுரையீரலுக்கு. நானும் பல ஆண்டுகள் நம்பிக் குடித்தேன்; ஒரு பயனும் இல்லை. வெல்டிங் வைக்கும் இடத்தின் இருபுறமும் ஐந்து சென்டிமீட்டராவது பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். அந்தத் தூசியையும் சுவாசிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் அவ்விடத்தில் துத்தநாகப் பெயிண்ட் அடிக்காவிட்டால் துரு ஏறும். இயன்றவரை வெளியில் வைத்துச் செய்யுங்கள். உள்ளே செய்தால், புகை முகத்துக்கு வராமல் பக்கவாட்டில் போகும்படி மின்விசிறியை வையுங்கள். முதுகுக்குப் பின்னால் வைத்தால் புகை சுழன்று முகத்துக்கே திரும்பும். கைக்குட்டை கட்டுவது போதாது, என்95 முகக்கவசமாவது அணிய வேண்டும். காய்ச்சல் வராத நாளிலும் இது தேவை. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வகைப்படுத்தியிருக்கிறது.

பதில் 2: மின்பணியாளர்

ஆர்.சி.சி.பி. பழுதாகவில்லை. மெஷினுக்குள் வரும் மின்சாரச் சுற்றும் ராடைப் பிடிக்கும் ஹோல்டருக்குப் போகும் சுற்றும் தனித்தனி என்பதால், ஹோல்டர் பக்கம் அடிக்கும் ஷாக்கை அதனால் உணரவே முடியாது. ஆர்க் (ராடு முனையில் எரியும் மின்பொறி) எரியாத நேரத்தில் ஹோல்டரில் 80 வோல்ட் வரை நிற்கும். காய்ந்த தோல் இதைப் பெரும்பாலும் தடுத்துவிடும், நனைந்த தோல் தடுக்காது. ராடு மாற்றுவது சரியாக ஆர்க் எரியாத அந்த நேரத்தில்தான்.

ஒருவருக்கு இரண்டு ஜோடி தோல் கையுறை வாங்கிக் கொடுங்கள். ஒன்று நனைந்தால் மாற்றிக்கொள்ளட்டும். ஈரத் தரையில் காய்ந்த பலகையைப் போட்டு, ரப்பர் அடி உள்ள ஷூவோடு நிற்க வேண்டும். மெஷினின் உடலுக்கு எர்த் கொடுங்கள். எர்த் கிளாம்பை வேலைப் பொருளிலேயே, வெல்டிங் வைக்கும் இடத்துக்கு அருகில் மாட்டுங்கள். கட்டடக் கம்பியில் மாட்டினால் மின்சாரம் எந்த வழியாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. புதிய மெஷின் வாங்கும்போது, ஆர்க் எரியாத நேரத்தில் வோல்டேஜைத் தானே குறைக்கும் வி.ஆர்.டி. வசதி உள்ளதாகப் பாருங்கள்.

பதில் 3: தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர்

மாடிக் கூரை வேலை என்பதால், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில், முனையக் கட்டடத்துக்கு மேலிருந்த சாலையில் நடந்த வெல்டிங்கின் தீப்பொறிகள் இடுக்கு வழியாகக் கீழே விழுந்து, கூரைக்குள் இருந்த பாலிஸ்டைரீனைப் பற்றவைத்தன. 17 பேர் இறந்தார்கள். நம் வீடுகளின் பொய்க்கூரைகளில் இருக்கும் தெர்மோகோலும் அதே பொருள்தான். எனவே சுற்றிலும் 11 மீட்டருக்குள்ளும், இடுக்கு இருந்தால் அதற்குக் கீழேயும் எரியும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. அகற்ற முடியாததைத் தீப்பிடிக்காத போர்வையால் மூடுங்கள். வேலை முடிந்ததும் கிளம்பிவிடாமல், ஒருவர் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து கவனிக்கட்டும். டீசலோ தின்னரோ இருந்த காலி டிரம்மை வெல்டிங் செய்யச் சொல்லி யாராவது கொண்டுவந்தால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். உள்ளே மிஞ்சிய ஆவியே வெடிக்கும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. கையுறைகளை இன்றே வாங்கிவிட்டேன். தம்பி திங்கட்கிழமை வேலைக்கு வரலாமா?

பதில் 1: மூத்த வெல்டர்

இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வெல்டிங் புகை பட்டதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஒன்றும் இல்லையென்றால் வரலாம். ஆனால் இந்த வாரம் அவருக்குப் பூச்சில்லாத எம்.எஸ். (சாதாரண இரும்பு) வேலையை மட்டும் கொடுங்கள்.