லோகோ வந்ததும் நீலத் திரை, ரீஸ்டார்ட்

கேள்வி: என் டெஸ்க்டாப் நாலு நாளா படுத்துது. பட்டனை அழுத்தினா ஃபேன் சுத்துது, லோகோ வருது, கீழே வட்டம் ரெண்டு சுத்து சுத்தினதும் நீலத் திரை. ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட்னு காட்டுச்சு, அடுத்த தடவை வேற எதுவோ. போன வாரம்தான் பழைய 8 ஜிபி ரேமுக்குப் பக்கத்துல இன்னொரு 8 ஜிபி போட்டேன். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் பண்ணிடட்டுமா?

பதில் 1: அவசரப்படாதீங்க. பிழை ஒவ்வொரு தடவையும் மாறினால் என் சந்தேகம் முதலில் ரேம் மேல்தான். இந்த நிலைமையில் இன்ஸ்டால் செய்தால் காப்பி ஆகிற ஃபைலே கெட்டுப் போகலாம். பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு ரேமை மட்டும் வைத்துப் பாருங்க. பிறகு மற்றதை.

பதில் 2: பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற செட்டிங்ஸ் திரை) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதிக வேகத்துல ஓட்டுற செட்டிங், ஆன்ல இருக்கா? ஜோடியா வாங்காத ரேம் சில சமயம் 3200 வேகத்துல முரண்டு பிடிக்கும்.

கேட்டவர்: தனித்தனியா ரெண்டுமே ஓடுது! சேர்த்துப் போட்டாதான் சண்டை. எக்ஸ்எம்பியை ஆஃப் பண்ணினேன், வேகம் 2133-க்கு இறங்குச்சு, பூட் ஆயிடுச்சு. புது ரேமோட கிளிப் ஒரு பக்கம் சரியா மூடாம இருந்ததையும் இப்பதான் பார்த்தேன். சொல்லவே வெட்கமா இருக்கு.

பதில் 1: அட, அதுதானா! 'டக்'னு சத்தம் வர அழுத்திட்டு, ராத்திரி மெம்டெஸ்ட்86-ங்கிற ரேம் சோதனை புரோகிராமை ஓட விடுங்க. ஒரே ஒரு பிழை வந்தாலும் விடாதீங்க, ரேமை மாத்திடுங்க.