டியோ: வாடகைக் குரல்தானே?

கேசட்காலம் | சனி, இரவு 9.40

நேற்று இன்னோர் இழையில், "ஹெவி மெட்டலின் தலைசிறந்த பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ, இதில் மறுபேச்சுக்கே இடமில்லை" என்று ஒருவர் எழுத, ஆளாளுக்குத் தலையாட்டியிருந்தீர்கள். அந்த மறுபேச்சை நான் பேசுகிறேன்.

அவர் பாடிய குழுக்களை எண்ணுங்கள்: எல்ஃப், ரெயின்போ, பிளாக் சாபத், தன் பெயரிலேயே டியோ, திரும்பவும் சாபத், திரும்பவும் டியோ, கடைசியில் ஹெவன் அண்ட் ஹெல். எந்த வீட்டிலும் குடித்தனம் நிலைக்கவில்லை. ரெயின்போவில் மூன்று ஸ்டூடியோ ஆல்பங்கள், சாபத்தில் முதல் சுற்றில் இரண்டு. ஒரு மனிதர் இத்தனை வீடு மாறினால் குற்றம் எப்போதும் வீட்டுக்காரர் மேல்தானா?

அவர் உச்சத்தில் நின்ற போதெல்லாம் பக்கத்தில் ஒரு பெரிய கிதார் கை இருந்திருக்கிறது. ஒரு முறை ரிச்சி பிளாக்மோர், இன்னொரு முறை டோனி அயோமி. சொந்தக் குழுவில் 'ஹோலி டைவர்', 'தி லாஸ்ட் இன் லைன்' இரண்டையும் தாண்டி எந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்கிறீர்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நல்ல குரல், மறுக்கவில்லை. ஆனால் வாடகைக் குரல்.

ஏழுகட்டை | சனி, இரவு 10.15

அண்ணா, கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். 1975-இல் பிளாக்மோர் டீப் பர்ப்பிளை விட்டு வெளியே வந்தபோது நடந்தது என்ன? டீப் பர்ப்பிளின் கச்சேரிகளில் முதலில் மேடையேறிக்கொண்டிருந்த குழு எல்ஃப். அந்தக் குழுவில் கிதார் வாசித்தவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் அப்படியே அள்ளிக்கொண்டு வந்து ரெயின்போ என்று பெயர் வைத்தார். டியோவின் வீட்டுக்குப் பிளாக்மோர் குடிவந்தார். வாடகை கொடுக்க வேண்டியவர் அவர்.

அடுத்தது சாபத். 1979-இல் அதுவரை பாடிய ஆஸி ஆஸ்போர்னை வெளியே அனுப்பிவிட்டுக் குழு திக்குத் தெரியாமல் நின்றிருந்தது. அதுவரை பெரும்பாலான பாடல் வரிகளை எழுதிக்கொண்டிருந்தவர் பாஸ் வாசித்த கீஸர் பட்லர். அந்தச் சுமையை டியோ தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பம் வந்தது, விழுந்து கிடந்த குழு எழுந்து உட்கார்ந்தது.

இதையும் கேட்டுப் பாருங்கள். 'அயர்ன் மேன்' பாட்டில் கிதார் எந்தப் படியில் கால் வைக்கிறதோ அதே படியில் ஆஸியின் குரலும் கால் வைக்கும். இரண்டும் கைகோத்து நடக்கும். அது ஓர் அழகு. 'ஹெவன் அண்ட் ஹெல்' தலைப்புப் பாட்டில் சரணம் தொடங்கும் இடத்துக்கு வாருங்கள். கிதார் ஏறத்தாழ ஒதுங்கிக்கொள்கிறது. கீழே பாஸ் மட்டும் ஒரே நடையில் தட்டிக்கொண்டிருக்க, மேலே குரல் தனக்கென்று வேறொரு வழி போட்டுக்கொண்டு போகிறது. அயோமிக்கு இது புது அனுபவம், ரிஃபின், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் அடியின், முதுகில் ஏறிப் போகாமல் அதற்குக் குறுக்கே பாடுகிற ஆள். வாடகைக்கு இருப்பவர் சுவரை இடித்து ஜன்னல் வைப்பாரா?

பர்மிங்காம்பக்தன் | சனி, இரவு 10.52

ஜன்னல் வைத்தார், சரி. அதற்குப் பிறகு அது பழைய வீடே இல்லையே! பலகை மட்டும்தான் பிளாக் சாபத். 2006-இல் டியோ, அயோமி, கீஸர், டிரம்ஸ் வாசித்த வின்னி அப்பீஸ் நால்வரும் மறுபடி கூடியபோது அவர்களே 'ஹெவன் அண்ட் ஹெல்' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆஸி இல்லாத சாபத் சாபத் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

வரிகளைப் பற்றிச் சொன்னீர்கள். கீஸர் எழுதிய 'வார் பிக்ஸ்' போரைப் பற்றியது. அதைப் பாடியவர்கள் பர்மிங்காம் தொழிற்சாலைத் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகள். அயோமி தகட்டு ஆலை இயந்திரத்தில் விரல் நுனிகளை இழந்தவர். டியோ வந்தார், வானவில் வந்தது, டிராகன் வந்தது, மந்திரவாதி வந்தார். எந்த ஆல்பத்தை எடுத்தாலும் ஒரு வானவில் தட்டுப்படும். மனிதர் வானிலை ஆய்வு மையத்தில் வேலை பார்த்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் அவர் கணக்கில் எழுதுகிறேன். ஆஸி மேடையில் இரண்டு கைகளிலும் சமாதானச் சின்னம் காட்டுவார். அந்த இடத்துக்கு வந்தவர் அதையே காட்ட முடியாது. இத்தாலியப் பாட்டி திருஷ்டி கழிக்கக் காட்டும் கைச்சைகையை, ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் கொம்பு போல நிற்பதை, டியோ மேடைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுக்க மெட்டல் ரசிகர்கள் தூக்குகிற கை அது. நம் வீட்டுப் பாட்டிகள் உப்பு மிளகாய் சுற்றிப் போடுவார்கள், அவர் பாட்டி விரலை நீட்டினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊதுகுழல் | ஞாயிறு, காலை 6.30

நான் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓர் ஆலய பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறவன். மெட்டல் எனக்கு என் மகன் மூலம் வந்தது. அதனால் ஊதுகிறவனுக்குத் தெரிந்த அளவில் மட்டும் சொல்கிறேன்.

டியோ நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லண்ட் ஊரில் வளர்ந்தவர். சிறு வயதிலேயே கையில் டிரம்பெட்டைக் கொடுத்துவிட்டார்கள். பாட்டுக்கென்று முறையாகப் பயிற்சி எடுக்கவில்லை, மூச்சை ஆளும் வித்தை டிரம்பெட்டிலிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு அது கேட்டவுடன் புரிந்தது. டிரம்பெட்டில் நீண்ட சுரம் பிடிக்கும்போது வேலை செய்வது தொண்டை அல்ல, அடிவயிறு. புதிதாகக் கற்கிற பையன் உச்சச் சுரம் வருகிறது என்றதும் கழுத்தை இறுக்குவான், உதட்டை அழுத்துவான், முகம் சிவந்துபோகும், சுரம் மட்டும் வராது. தேர்ந்தவர் உச்சத்துக்குப் போகும்போது தோள் தளரும்.

ரெயின்போவின் 'ரைசிங்' ஆல்பத்தில், 1976, 'ஸ்டார்கேஸர்' என்று எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டு. பின்னால் மியூனிக் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு. கடைசிப் பகுதியில் அத்தனை வயலின்களுக்கும் மேலே இந்த மனிதர் திரும்பத் திரும்ப வேறு வேறாகப் பாடிக்கொண்டே போகிறார். கழுத்து இறுகுகிற சத்தம் ஓரிடத்தில்கூட எனக்குக் கேட்கவில்லை. 2007-இல் நியூயார்க் ரேடியோ சிட்டி அரங்கில் பாடிய பதிவையும் மகன் போட்டுக் காட்டினான். அப்போது அவருக்கு 64 வயது. அதே அடிவயிறு.

வயதைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பிறந்தது 1942. முதல் இசைத்தட்டு 1958-இல், பள்ளிப் பையனாக இருந்தபோது. எல்ஃபின் முதல் ஆல்பம் முப்பது வயதில். தன் பெயரில் 'ஹோலி டைவர்' வந்தபோது நாற்பது. வீடு வீடாக அலைந்தவர் என்கிறீர்கள். இருபத்தைந்து ஆண்டுகள் திண்ணையில் காத்திருந்தவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேசட்காலம் | ஞாயிறு, காலை 11.05

ஊதுகுழல் ஐயா, மூச்சைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நான் கேட்டது குரலை அல்ல, மனிதரை.

ரெயின்போவின் முதல் ஆல்பம் முடிந்ததும் எல்ஃப் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். மிஞ்சியது டியோ ஒருவர். டிரம்ஸ் வாசித்த கேரி டிரிஸ்கால் 1967-லிருந்து கூடவே இருந்தவர். அடுத்த ஆண்டு சாலை விபத்தில் குழுவின் கிதார் கலைஞர் நிக் பன்டாஸ் இறந்துபோனார். அந்தத் துக்கத்தைச் சேர்ந்து கடந்தவர்கள் இவர்கள். அப்படிப்பட்டவரை வீட்டுக்கு அனுப்பும்போது நம் பாடகர் எங்கே நின்றார்? பிளாக்மோருக்குப் பக்கத்தில். 'டியோவின் வீட்டுக்குக் குடிவந்தார்' என்று ஏழுகட்டை எழுதியிருக்கிறார். வந்தவர் வீட்டு ஆட்களை வெளியே தள்ளும்போது வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லையே, தம்பி.

சொந்தக் குழு வைத்த பிறகாவது? கிதார் வாசித்த விவியன் காம்ப்பெல் வட அயர்லாந்திலிருந்து வந்தபோது இருபது வயதுப் பையன். மூன்று ஆல்பங்களுக்கு வாசித்தான். 1986-இல் வெளியே.

மாடிவீட்டுட்ரம்ஸ் | ஞாயிறு, பிற்பகல் 2.20

டிரிஸ்காலுக்காக நானும் வருத்தப்படுகிறேன், அண்ணா. ஆனால் டிரம்ஸ் வாசிக்கிறவளாக ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவர் இடத்துக்கு வந்தவர் கோஸி பவல். 'ஸ்டார்கேஸர்' தொடங்குவதே அவருடைய தனி டிரம்ஸ் வீச்சில்தான். அதை ஒருமுறை கேட்டவர்கள் பழைய ஏற்பாடே போதும் என்று சொல்லமாட்டார்கள்.

டியோ கூட்டாளிகளை மறப்பவர் என்பதும் சரியில்லை. பாஸ் வாசித்த ஜிம்மி பெய்னை ரெயின்போவிலிருந்து பிளாக்மோர் நீக்கினார். தன் குழுவைத் தொடங்கியதும் டியோ தேடிப்போய்ப் பிடித்தது அதே பெய்னை. வின்னி அப்பீஸ் சாபத்தை விட்டு டியோவோடு சேர்ந்தே வெளியே வந்தவர்.

காம்ப்பெல் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். பலகையில் ஒருவர் பெயர், நிர்வாகம் அவர் மனைவி வெண்டியின் கையில், பாட்டுக்கு ரிஃப் கொண்டுவந்தவர்கள் கூலிக்கு. மூன்றாவது ஆல்பத்துக்குள் பங்கு தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை என்பதுதான் காம்ப்பெல் பல பேட்டிகளில் சொன்ன குறை. அவருக்கு மனம் குழுவில் இல்லை என்பது டியோ தரப்பு. கடைசிவரை இருவரும் ஒட்டவில்லை. இதில் வேடிக்கை, டியோ இறந்த பிறகு 2012-இல் காம்ப்பெல் அப்பீஸையும் பெய்னையும் கூட்டிக்கொண்டு அந்தப் பழைய பாடல்களையே வாசிக்கக் கிளம்பினார். குழுவின் பெயர் 'லாஸ்ட் இன் லைன்'. ஆள் வேண்டாம், பாட்டு வேண்டும்.

பர்மிங்காம்பக்தன் | ஞாயிறு, மாலை 5.10

சாபத்தின் 'லைவ் ஈவில்' ஆல்பக் கதையை யாரும் எடுக்கவில்லையே? 1982. மேடைப் பதிவை ஸ்டூடியோவில் கலவை செய்யும்போது டியோவும் அப்பீஸும் மற்றவர்கள் இல்லாத நேரத்தில் வந்து குரலையும் டிரம்ஸையும் ஏற்றி வைத்துவிட்டுப் போனார்கள் என்று புகார். குழு உடைந்ததே அதில்தான்.

1992-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபடி சாபத்துக்கு வந்து 'டீஹியூமனைசர்' ஆல்பம் போட்டாயிற்று. அந்த நவம்பரில் கலிஃபோர்னியாவின் கோஸ்டா மெசாவில் ஆஸி ஓய்வு பெறப் போவதாக அறிவித்த கச்சேரி, இரண்டு இரவுகள். சாபத் முதலில் வாசிக்க வேண்டும். டியோ மாட்டேன் என்று போய்விட்டார். ஜூடாஸ் ப்ரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்டு வந்து மானத்தைக் காப்பாற்றினார். இதற்குப் பெயர் அகந்தை.

ஏழுகட்டை | ஞாயிறு, இரவு 8.45

பக்தரே, நன்றி. என் வழக்குக்கு நீங்களே சாட்சி கொண்டுவந்துவிட்டீர்கள்.

கலவைக் கதையை டியோவும் அப்பீஸும் மறுத்தார்கள். தாங்கள் வந்த நேரத்தில் மற்றவர்கள் வரவில்லை என்பது அவர்கள் தரப்பு. நால்வர் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியிருந்தால் முடிந்திருக்கும் சங்கதி. ஆனால் அந்த ஆல்பத்தின் உறையை எடுத்துப் பாருங்கள். பாடகர் பெயர் 'ரோனி டியோ' என்று இருக்கும். நடுவில் உள்ள 'ஜேம்ஸ்' காணாமல் போயிருக்கும். சண்டை எவ்வளவு சிறுபிள்ளைத்தனமாகப் போயிற்று என்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

கோஸ்டா மெசாவுக்கு வருவோம். வாடகைக் குரலாக இருந்தால் என்ன செய்திருப்பார்? சம்பளம் வருகிறது, இரண்டு இரவு பாடிவிட்டுப் போயிருப்பார். பிளாக் சாபத் யாருக்கும் முன்னால் வாசிக்கிற குழு அல்ல என்பது அவர் நிலை. ஆஸி இல்லாவிட்டால் சாபத் இல்லை என்கிறீர்கள். சாபத்தின் கௌரவத்துக்காக அன்றைக்கு வேலையை விட்டவர் யார்?

ரெயின்போவிலும் இதுவே. வானொலிக்கு ஏற்ற பாட்டு வேண்டும் என்று பிளாக்மோர் திரும்பினார். டியோ திரும்பவில்லை, வெளியேறினார். அடுத்து வந்த கிரகாம் பானெட்டோடு ரெயின்போ பிரிட்டனில் வெற்றிப் பாட்டும் கொடுத்தது. இருந்திருந்தால் அந்தப் பணம் இவருக்கு.

கேசட்காலம் | திங்கள், இரவு 9.20

கோஸ்டா மெசாவை நான் இப்படி யோசித்ததில்லை. 'வாடகை' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். இன்னொன்றை விடமாட்டேன்: அவரை மறுத்துப் பேச ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அவர் சிறந்தார்.

'ரெயின்போ இன் தி டார்க்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கீபோர்டு ஒலி பாப் இசை போல இருக்கிறது என்று டியோவுக்குப் பிடிக்கவில்லை. நாடாவை பிளேடால் வெட்டிவிடப் போனேன், மற்றவர்கள் தடுத்தார்கள் என்று பின்னாளில் அவரே சொன்னார். அவருடைய மிகப் பெரிய பாட்டு! தடுக்க ஆள் இருந்ததால் பிழைத்தது. பெய்னும் காம்ப்பெல்லும் போன பிறகு தடுப்பார் யார்?

மாடிவீட்டுட்ரம்ஸ் | திங்கள், இரவு 9.48

இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் 2009-இல் அயோமி, கீஸர், அப்பீஸோடு போட்ட 'தி டெவில் யூ நோ' அமெரிக்கப் பட்டியலில் எட்டாம் இடத்துக்கு வந்தது. அதில் 'பைபிள் பிளாக்' கேட்டிருக்கிறீர்களா? தொடக்கத்தில் கிதார் மெல்லியதாக இருக்கும், அவரும் தாழ்ந்த குரலில் கதை சொல்வது போலத் தொடங்குவார். அப்போது அவருக்கு 66 வயது. அந்த நவம்பரில் வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. 2010 மே 16-இல் போய்விட்டார்.

கேசட்காலம் | திங்கள், இரவு 11.30

இப்போதுதான் கேட்டேன். விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு முறை. கனமான ரிஃப் வந்து விழுகிற இடத்தில் அவர் குரலை உயர்த்தவில்லை, ஐயா சொன்னது போலத் தோளைத் தளர்த்தியிருக்கிறார் என்று தோன்றியது.

இழையின் தலைப்பை மாற்றலாம் என்று பார்த்தேன். ஒரு நாள் தாண்டிவிட்டதால் திருத்தும் பொத்தானைக் காணவில்லை.

ஏழுகட்டை | திங்கள், இரவு 11.34

இருக்கட்டும் அண்ணா. அந்தத் தலைப்பைப் பார்த்துக் கொதித்து இன்னும் நாலு பேர் வருவார்கள்.