5 அடி 4 அங்குலம், பின்னாடி 6 வயசு மகள், மலை மண் பாதை: எந்த வண்டி எடுக்கலாம்?

மரவள்ளிக்காடு:

எல்லாருக்கும் வணக்கம். துறையூர்ல இருக்கேன். பச்சமலை மேல, டாப் செங்காட்டுப்பட்டி தாண்டி மாமனாருக்கு மரவள்ளிக் காடு. தார் ரோடு முடிஞ்ச இடத்துலேர்ந்து வீட்டுக்கு மூணு கிலோமீட்டர் மண் பாதை. சரளைக்கல், நடுவுல டிராக்டர் டயர் போட்ட பள்ளம், மழை பெஞ்சா செம்மண் சோப்பு மாதிரி வழுக்கும். பத்து வருஷமா ஸ்ப்ளெண்டர்லதான் போய்ட்டு வர்றேன். இப்ப மகளுக்கு ஆறு வயசு, 19 கிலோ. ஞாயித்துக்கிழமை விடிஞ்சா ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறா.

போன மாசம் நண்பனோட பெரிய வண்டிய வாங்கிட்டுப் போனேன். எதிர்ல டிராக்டர் வந்துச்சு, ஓரம் கட்டி நிறுத்தி இடது காலை ஊனினேன். ஊனுன இடத்துல தரை இல்ல, ஒரு சாண் பள்ளம். வண்டி மெதுவா, ரொம்ப மெதுவா சாஞ்சுது. பிடிக்க முடியல. மகளுக்கு முழங்கைல சிராய்ப்பு, அவ்வளவுதான். "அப்பா, வண்டி தூங்கிடுச்சு"ன்னு சொல்லிட்டா. வீட்ல சிரிச்சாங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

பட்ஜெட் ஒண்ணேகால் லட்சம், பழைய வண்டி போதும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி-யா, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஆ? இன்னொண்ணு: அவளுக்கே ஒரு 49 சிசி குட்டி டர்ட் பைக் ஆன்லைன்ல பாத்தேன், வாங்கலாமா?

பழைய கார்புரேட்டர்:

தம்பி, சீட் உயரத்தை மட்டும் பாத்தா ஹிமாலயன்தான் உங்களுக்குச் சரின்னு தோணும். அது 800 மி.மீ., எக்ஸ்பல்ஸ் 825. ஆனா அது 199 கிலோ. எக்ஸ்பல்ஸ் 160-க்குப் பக்கத்துல. நீங்க இத்தனை நாள் ஓட்டுன ஸ்ப்ளெண்டர் 112 கிலோதான், அதனாலதான் சாயுற வண்டிய காலாலேயே தாங்கிரலாம்னு உடம்பு நம்பிக்கிட்டு இருக்கு. சாயத் தொடங்குன 200 கிலோவை எந்தக் காலும் தாங்காது.

உங்க உயரத்துக்கு எக்ஸ்பல்ஸ்ல ரெண்டு காலும் நுனி விரல்தான் படும். பரவால்ல. இடுப்பை ஒரு பக்கம் நகத்தி உக்காந்து ஒத்தக் காலை முழுசா ஊனப் பழகுங்க. எந்தக் கால்ங்கறதுதான் விஷயம். நிறுத்தறதுக்கு முன்னாடியே தரையப் பாருங்க, மேடா இருக்கற பக்கம் காலை வைங்க. அன்னைக்கு நீங்க பள்ளத்துப் பக்கம் வச்சீங்க. எந்த வண்டியா இருந்தாலும் விழுந்திருக்கும்.

லோயரிங் லிங்க் (வண்டியோட உயரத்தைக் குறைக்கப் பின் சஸ்பென்ஷன்ல மாத்தற பட்டை) போடச் சொல்லி யாராவது வருவாங்க. வேணாம். வண்டியோட நிலை மாறும், சைடு ஸ்டாண்ட் நீளமாத் தெரியும், நிறுத்தினா நிமிந்து நிக்கும். குஷன் கடைல குடுத்து ஓட்டறவர் பக்கம் மட்டும் ஃபோமை ஒரு விரக்கடை செதுக்கிக்கங்க, போதும்.

எக்ஸெல்_எட்டுப்பட்டி:

யாரும் சொல்ல மாட்டீங்க, நானே சொல்றேன். டிவிஎஸ் எக்ஸெல் 100. 90 கிலோகூட இல்ல. மலைல காய்கறி மூட்டை எல்லாம் எதுல இறங்குதுன்னு பாத்திருப்பீங்க 😄

பழைய கார்புரேட்டர்:

சிரிப்புக்குச் சொன்னாலும் அதுல நியாயம் இருக்கு. டயர் சின்னது, பள்ளத்துல இறங்கினா ஏறாது. எக்ஸ்பல்ஸுக்கு முன்னாடி 21 இஞ்ச் சக்கரம், சரளைல உருண்டு போய்டும். வித்தியாசம் அங்கதான்.

ரெண்டு_பின்னல்:

அண்ணா, நான் என் பையனை அஞ்சு வயசுலேர்ந்து பின்னாடி வச்சு ஓட்டறேன். வண்டி எதுங்கறது அப்புறம். முதல்ல பாப்பாவை உக்கார வச்சு அவ பாதம் ஃபுட்ரெஸ்ட்ல படுதான்னு பாருங்க. நுனி விரல் இல்ல, உள்ளங்கால். இந்த மாதிரி வண்டிகள்ல பின் சீட் உசரம், கால் தொங்குச்சுன்னா ஒரு குலுக்கலுக்கே வழுக்கிருவா. எட்டலன்னா ஒரு வருஷம் பொறுங்க. டேங்க் மேல முன்னாடி உக்கார வைக்கறது மட்டும் வேண்டவே வேண்டாம். பிரேக் அடிச்சா உங்க உடம்பு முழுக்க அவ மேலதான் வரும்.

எக்ஸ்பல்ஸ் எடுத்தா இன்னொண்ணு. சைலென்சர் வலது பக்கம் மேல தூக்கி இருக்கும். மூடி இருந்தாலும் சூடு சூடுதான், பிள்ளைங்க கெண்டைக்கால் சரியா அந்த உசரத்துலதான் வரும். ஏறுறதும் இறங்குறதும் இடது பக்கம் மட்டும்னு விளையாட்டு மாதிரி பழக்கிருங்க. முழு பேன்ட், ஷூ. அவ முதல்ல இறங்கணும், அப்புறம் நீங்க. மாத்திப் பண்ணா நீங்க காலை வீசறப்ப அவ மூஞ்சிலதான் படும் (பட்டிருக்கு, அதான் சொல்றேன்).

ஹெல்மெட் பெரியவங்க சைஸ்ல ஸ்பாஞ்ச் வச்சு அடைக்காதீங்க. டேப் வச்சு நெத்தியச் சுத்தி அளந்து, ஐஎஸ்ஐ முத்திரை இருக்கறதா வாங்குங்க. மாட்டிவிட்டு தலையை ஆட்டச் சொல்லுங்க, ஹெல்மெட் தனியா ஆடக்கூடாது. ரொம்ப கனமா இருந்தா அரை மணி நேரத்துல கழுத்து வலிக்குதுன்னு அழுவா.

சட்டப்புள்ளி:

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். அந்த 49 சிசி வண்டிக்குப் பதிவு கிடையாது, ரோட்டுல இறக்கவே முடியாது. மாமனார் வீட்டு மண் பாதை பஞ்சாயத்துப் பாதைன்னா அதுவும் பொது இடம்தான். சின்னப் பிள்ளை ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ, பெத்தவங்க மேல வழக்கு: 25,000 அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். காட்டுக்குள்ள, சொந்த நிலத்துக்குள்ள மட்டும்னா அது வேற.

பின்னாடி உக்கார வைக்கறதுக்கு, நாலு வயசு தாண்டினா ஹெல்மெட் கட்டாயம். நாலுக்குக் கீழ இருந்தா பிள்ளைய ஓட்டறவரோட சேத்துக் கட்டற பெல்ட்டும் வேணும், 40 கி.மீ. வேகத்துக்குள்ள போகணும். உங்க பொண்ணுக்கு அந்த பெல்ட், வேக விதி பொருந்தாது, ஆனா மண் பாதைல 40 எதுக்கு?

அப்புறம், பச்சமலைல காப்புக்காடு நிறைய. வண்டி நல்லாருக்குன்னு ஒத்தையடிப் பாதைல உள்ள விட்டுறாதீங்க. வனத்துறை வண்டிய எடுத்துட்டுப் போய்ட்டா மீட்கறது லேசுல நடக்காது.

ரெண்டு_பின்னல்:

பாப்பா சைக்கிள் ஓட்டுவாளா, பக்கச் சக்கரம் இல்லாம? அது வரட்டும் முதல்ல. அதுவரைக்கும் மோட்டார் பேச்சே எடுக்காதீங்க.

மரவள்ளிக்காடு:

இன்னும் பக்கச் சக்கரத்தோடதான்க்கா ஓட்டறா. சரி, குட்டி பைக் ஆசையை மூட்டை கட்டிட்டேன்.

*(மூணு வாரம் கழிச்சு)*

எக்ஸ்பல்ஸ் எடுத்தாச்சு, 2022 மாடல், திருச்சில. ஃபோம் செதுக்கினேன். வந்ததும் மகளை ஏத்தல. 20 கிலோ அரிசி சிப்பத்தைப் பின் சீட்ல கயிறு போட்டுக் கட்டிக்கிட்டு அந்த மூணு கிலோமீட்டர் நாலு தடவை போய்ட்டு வந்தேன். முதல் நடையிலேயே அதே திருப்பத்துல, அதே இடத்துல நிறுத்திப் பாத்தேன். என்னை அறியாம இடது கால்தான் நீண்டுச்சு. பள்ளத்துப் பக்கம்! சட்டுனு இழுத்து வலது காலை மேட்டுல வச்சேன். கார்புரேட்டர் அண்ணே, நீங்க சொன்னது மண்டைக்குப் புரிஞ்சிருந்துச்சு, காலுக்குப் புரியல. நாலாவது நடைலதான் கால் தானா மேட்டுப் பக்கம் போச்சு. சிப்பம் ஒரு ஓரமா கிழிஞ்சு பாதை பூரா அரிசி. மாமனார் இன்னும் பேச்சை நிறுத்தல.

மகளுக்குப் பாதம் எட்டுது, ஷூ போட்டா நல்லாவே எட்டுது. வழுக்குப் பாறை ஏத்தம் ஒண்ணு இருக்கு, ஐம்பதடி. அங்க மட்டும் இறக்கி விட்டுடறேன், அவ நடந்து மேல வந்து எனக்காகக் காத்திருக்கா. "நான்தான் ஃபர்ஸ்ட்டு"ங்கறா.

கடைசியா ஒரு சந்தேகம்: மண் பாதைக்கு டயர்ல காத்தைக் குறைக்கணும்ங்கறாங்களே, எவ்வளவு?

பழைய கார்புரேட்டர்:

பிள்ளை பின்னாடி இருக்கறப்ப குறைக்கவே வேணாம், கம்பெனி சொன்ன அளவையே வைங்க. உங்களது ட்யூப் டயர். காத்து கம்மியா இருந்து கல்லு மேல அடிச்சா ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல ட்யூப் நசுங்கி ரெண்டு ஓட்டை விழும். தனியாப் போறப்ப 20 பிஎஸ்ஐ பக்கம் இறக்கிப் பாருங்க, பிடிப்பு நல்லாருக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் ஏத்திருங்க. பம்ப் இருக்கா?

மரவள்ளிக்காடு:

சைக்கிள் பம்ப் இருக்குண்ணே. அடிக்கறது மகதான்.