மரபணு ஆய்வகத்தில் டெக்னாலஜிஸ்ட் வேலை: உள்ளே இருப்பவர்கள் உள்ளபடி சொல்லுங்கள்

சுழல்குழாய் கேட்டது:

ரத்தவியல் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மாதிரி வரும், மெஷினில் ஏற்றுவேன், மெஷின் சந்தேகப்பட்டதை மட்டும் ஸ்லைடு போட்டுப் பார்ப்பேன், ரிப்போர்ட் போய்விடும். வேலை பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு மாதிரியோடு கொஞ்ச நேரம் உட்கார முடிகிற வேலையாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று ரொம்ப நாளாக ஒரு எண்ணம். மரபணு ஆய்வகத்துக்கு மாறலாமா என்று பார்க்கிறேன். இணையத்தில் தேடினால் "எதிர்காலத் துறை, பிரகாசமான வாய்ப்பு" என்று கல்லூரி விளம்பரம்தான் வருகிறது, உள்ளே இருப்பவர்கள் எழுதியது எதுவும் கண்ணில் படவில்லை.

என் சந்தேகங்கள் இவை. சைட்டோஜெனடிக்ஸ் (குரோமோசோமை நுண்ணோக்கியில் பார்ப்பது) போவதா மாலிகுலர் (டிஎன்ஏவைச் சோதிப்பது) போவதா? குரோமோசோமை இப்போது கம்ப்யூட்டரே அடுக்குகிறது என்கிறார்களே, அப்படியானால் அந்த வேலை எத்தனை நாள் இருக்கும்? நோயாளியிடம் பேச வேண்டியிருக்குமா? (பேசுவதற்கு நான் ஆளில்லை.) மேற்படிப்பு இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடியும்? யாராவது பொறுமையாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பட்டைக்கண் எழுதியது:

சைட்டோஜெனடிக்ஸ்தான் என் பிழைப்பு, அதனால் என் பதில் ஒருதலைப்பட்சம் என்று வைத்துக்கொண்டே படியுங்கள்.

மாதிரியோடு உட்கார வேண்டும் என்றீர்களே, இங்கே உட்கார்ந்தே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. உங்களிடம் வருகிற ரத்தம் செத்துப்போயிருந்தாலும் எண்ணிவிடலாம். எங்களுக்கு அது உயிரோடு வர வேண்டும், வந்து வளர வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாயில் வரும் ரத்தத்தை வளர்ப்பு ஊடகத்தில் போட்டு, 37 டிகிரியில் சுமார் 72 மணி நேரம் வைக்கிறோம். வெள்ளணுக்கள் தானாகப் பிரியாது, பைட்டோஹீமாக்ளுட்டினின் சேர்த்துத் தூண்ட வேண்டும். அந்தப் பொருளை ஆரம்பத்தில் சிவப்பணுக்களை ஒட்டவைத்து ஒதுக்கத்தான் பயன்படுத்தினார்கள், அது லிம்போசைட் என்ற வெள்ளணுவைப் பிரியவும் வைக்கிறது என்று 1960-ல் பீட்டர் நோவெல் கவனித்துச் சொன்னார். ரத்தவியல்காரரான உங்களுக்குப் பிடிக்குமே என்று சொன்னேன்.

அப்புறம் கோல்செமிட் போட்டுப் பிரிதலை நடுவில் நிறுத்த வேண்டும். அதிக நேரம் விட்டால் குரோமோசோம் குட்டையாகச் சுருங்கிவிடும், ஒவ்வொரு குரோமோசோமையும் அடையாளம் காட்டும் குறுக்குப் பட்டை ஒன்றும் தெரியாது. குறைத்தால் பார்க்கப் போதுமான செல் கிடைக்காது. பிறகு 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடில் செல்லை உப்பவைத்து, மெத்தனால் மூன்று பங்கு, அசெட்டிக் அமிலம் ஒரு பங்கு கலந்ததில் நிலைநிறுத்தி, ஸ்லைடில் சொட்டு விடுகிறோம். இந்தச் சொட்டு விடுவதை எந்தப் புத்தகமும் முழுசாகக் கற்றுத்தராது. அறையில் ஈரப்பதம் குறைந்தால் ஸ்லைடு சட்டென்று காய்ந்து குரோமோசோம்கள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். ஈரம் அதிகமானால் சிதறிப் பக்கத்துச் செல்லோடு கலந்துவிடும். அன்றைய காற்றைப் பார்த்து உயரத்தையும் சாய்வையும் மாற்றுகிற சீனியர்கள் இருக்கிறார்கள். ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. பட்டை தெரிவதற்காகப் போடும் ட்ரிப்சினும் அப்படித்தான், சில வினாடி கூடினால் குரோமோசோம் ஊதிப்போய் ஓரம் அழிந்துவிடும்.

செல்லை உப்பவைக்கிறோமே, அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மனிதக் குரோமோசோம் 48 என்றுதான் ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். டெக்சாஸில் ஹ்சு என்பவரின் ஆய்வகத்தில் ஒரு நாள் குரோமோசோம்கள் அற்புதமாகப் பிரிந்து கிடந்தன, காரணம் தேடிப் போனால் யாரோ கழுவுகிற உப்புக் கரைசலைச் செறிவு குறைவாகக் கலந்திருக்கிறார்கள். 1952-ல் அதை வெளியிட்டார். 1956-ல் ட்ஜியோவும் லெவானும் எண்ணிக்கை 46 என்று உறுதிசெய்ததில் இந்த முறைக்கும் பங்கு உண்டு. அந்தக் கரைசலைக் கலந்தவர் யார் என்று ஹ்சுவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒரு டெக்னீஷியனாகத்தான் இருக்கும். நம்ம ஜாதி!

கம்ப்யூட்டர் விஷயம். ஸ்லைடை ஸ்கேன் செய்வது, நல்ல செல்லைத் தேடுவது, ஜோடி சேர்த்து அடுக்குவது எல்லாம் மென்பொருள்தான் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. கத்தரியால் போட்டோவை வெட்டி ஒட்டிய காலம் போய்விட்டது. மரபியலாளர் ஜேனட் ரௌலி தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குரோமோசோம் படங்களை வெட்டிப் பரப்பி வைத்து, 22-ம் குரோமோசோமிலிருந்து காணாமல் போன துண்டு 9-ம் குரோமோசோமில் போய் ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்து 1973-ல் வெளியிட்டார். இன்று அந்த வெட்டும் வேலைக்கு ஆள் தேவையில்லை. ஆனால் ஒழுங்கான குரோமோசோமை மென்பொருள் சரியாக அடையாளம் காணும், உருமாறியதைத்தான் ஏதோ ஒரு இடத்தில் திணித்துவிடும். நாம் தேடுவது அந்த உருமாறியதைத்தான். 5-ன் நீளக் கரத்தில் ஒரு பட்டை ஒரு பக்கம் மட்டும் மெல்லிசாக இருக்கிறது, உண்மையில் இல்லையா அல்லது குரோமோசோம் மடிந்து கிடக்கிறதா என்று முடிவெடுக்க இன்னும் நாலு செல்லைப் பார்க்க வேண்டும். வழக்கமாக 20 செல் பார்ப்போம், சந்தேகம் வந்தால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாருங்கள். செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வெள்ளிக்கிழமை வந்த எலும்பு மஜ்ஜை திங்கள்வரை காத்திருக்காது.

ஊதாமூடி எழுதியது:

பட்டைக்கண் எழுதினால் யாருக்கும் சைட்டோஜெனடிக்ஸில் சேர்ந்துவிடத் தோன்றும், அவ்வளவு அழகாகச் சொல்வார். நான் மாலிகுலர். எங்களுக்கு அவருடைய பச்சை மூடி ஆகாது, டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் முறையை ஹெப்பாரின் தடுத்துவிடும், உங்கள் பக்கம் வருகிற அதே இடிடிஏ ஊதா மூடிதான் வேண்டும்.

இங்கே காட்சி எதுவும் கிடையாது. நிறமில்லாத ஒரு துளித் திரவத்தை இன்னொரு நிறமில்லாத திரவத்தில் சேர்த்து, 96 குழிகள் கொண்ட தட்டில் எந்தக் குழியில் யார் இருக்கிறார்கள் என்பதை ஒரு கணமும் மறக்காமல் இருப்பதுதான் பாதி வேலை. நடுவில் யாராவது "ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டால் திரும்பக் கூடாது. நான் திரும்ப மாட்டேன், அதனால் என்னைத் திமிர் பிடித்தவர் என்று சொல்பவர்களும் உண்டு, சொல்லட்டும். பிசிஆர் 30 சுற்று ஓடினால் ஒரு டிஎன்ஏ துண்டு, கணக்குப்படி நூறு கோடிக்கு மேல் பெருகுகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தெறிப்பு நாளைய மாதிரியில் விழுந்தால் இல்லாத மாற்றம் இருப்பதாக வரும். அதனால்தான் பிசிஆருக்கு முந்தைய அறை வேறு, பிந்தைய அறை வேறு, கோட்டு, பைப்பெட் எல்லாம் தனித்தனி. முன் அறையிலிருந்து பின் அறைக்குப் போகலாம், அன்றைக்குத் திரும்பி வரக் கூடாது. டிஎன்ஏ சேர்க்காத வெற்றுக் குழி ஒன்று ஒவ்வொரு ஓட்டத்திலும் இருக்கும், அதில் ஏதாவது தெரிந்துவிட்டால் முழு ஓட்டமும் குப்பை.

டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் நெக்ஸ்ட் ஜெனரேஷன் சீக்வென்சிங் என்றதும் எல்லாரும் மெஷினைத்தான் நினைக்கிறார்கள். மெஷின் தன்பாட்டில் ஓடும். அதற்கு முன்னால் டிஎன்ஏவைத் துண்டாக்கி, அடையாள வரிசை ஒட்டி, சுத்தப்படுத்தி, அளந்து, சமமாகக் கலந்து லைப்ரரி தயாரிப்பதில்தான் நாள் போகும். நிறைய இடங்களில் இதையும் ரோபோ செய்கிறது. அப்போது நமக்கு என்ன வேலை என்றால், ரோபோ செய்தது ஏன் சரியாக வரவில்லை என்று கண்டுபிடிப்பது. டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/280 விகிதம் 1.8 பக்கத்தில் அழகாக நிற்கும், ஆனாலும் லைப்ரரி வராது, ஏனென்றால் அந்த டிஎன்ஏ பாரஃபின் மெழுகில் பதித்து வைத்த பழைய திசுவிலிருந்து எடுத்தது, தூள்தூளாக உடைந்திருக்கிறது. இப்படி யோசிக்கிற ஆளுக்கு வேலை போகாது, பட்டனை அழுத்துகிற ஆளுக்குப் போகும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரின் கட்டளை வரியில் நாலு கட்டளை போடத் தெரிந்துகொள்ளுங்கள், ரீடுகள் (மெஷின் படித்த டிஎன்ஏ துண்டுகள்) அடுக்கியிருப்பதைத் திரையில் பார்த்து இது உண்மையான மாற்றமா மெஷினின் உளறலா என்று சொல்லப் பழகுங்கள்.

ஒன்றில் பட்டைக்கண் சொல்வதை மறுக்க மாட்டேன். சிலர் இனி எல்லாம் சீக்வென்சிங்தான், குரோமோசோமை ஜோடி ஜோடியாக அடுக்கிப் பார்க்கும் கேரியோடைப் செத்துவிட்டது என்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு 21-ம் குரோமோசோம் கூடுதலாக இருக்கிறது என்று, டிஎன்ஏ எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று பார்க்கும் மைக்ரோஅரே சொல்லிவிடும். அது தனியாக நிற்கிறதா, 14-ன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஒட்டியிருந்தால் பெற்றோரையும் சோதிக்க வேண்டும், அடுத்த குழந்தைக்கான கணக்கே மாறிவிடும். குரோமோசோம் இப்படி இடம் மாறி ஒட்டியிருந்தும் மொத்த அளவு கூடாமல் குறையாமல் இருக்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ மைக்ரோஅரே செய்தால் நார்மல் என்றுதான் வரும், ஒரு பையிலிருந்த பணத்தை இன்னொரு பைக்கு மாற்றினால் மொத்தம் மாறாதே, அந்த மாதிரி. அதைப் பார்க்க இன்றும் குரோமோசோமைத்தான் பார்க்கிறார்கள்.

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

ரெண்டு பேரும் வேலையைக் காதலிப்பவர்கள். நான் வேலை பார்ப்பவன், சில கசப்பான விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன்.

ஆராய்ச்சி என்று நினைத்து வராதீர்கள். இது நோயறிதல் ஆய்வகம், எழுதி வைத்த முறைப்படி செய்ய வேண்டும், புதுசாக யோசனை வந்தால் அதைச் சரிபார்த்து ஆவணமாக்கி அனுமதி வாங்குவதற்குள் உங்களுக்கே சலித்துவிடும். அந்த ஆவண வேலை நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

முடிவை விளக்கிக் கையெழுத்துப் போடுவது நீங்கள் இல்லை. முதலில் பார்ப்பது நீங்கள், கண்டுபிடிப்பது பல நேரம் நீங்கள், ரிப்போர்ட்டில் பெயர் இன்னொருவருடையது. சீனியர், மேற்பார்வை, தரக் கட்டுப்பாடு வரை அனுபவத்தில் போகலாம், அதற்கு மேல் படிக்காமல் வாசல் திறக்காது. நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் ஆள் போனால் மாற்று ஆள் எடுக்க மாட்டார்கள், இருப்பவர் தலையில் ஏற்றிவிட்டுத் தாமதத்துக்கு விளக்கம் வேறு கேட்பார்கள். இப்படியும் இடங்கள் உண்டு, விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

சான்றிதழ் விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ஏஎஸ்சிபி என்ற சான்றிதழ் அமைப்பு சைட்டோஜெனடிக்ஸுக்கும் மாலிகுலருக்கும் தனித்தனித் தேர்வு வைக்கிறது, கனடாவில் அதே மாதிரி அமைப்பான சிஎஸ்எம்எல்எஸ் மருத்துவ மரபியலுக்கென்றே ஒரு தேர்வு வைத்திருக்கிறது, பிரிட்டனில் டெக்னாலஜிஸ்டும் கிளினிக்கல் சயின்டிஸ்டும் வேறு வேறு பாதை. எங்கே வேலை பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த ஊர் விதிப்படி படிப்பைத் தேர்ந்தெடுங்கள். முதலில் படிப்பு, அப்புறம் ஊர் என்று போனவர்கள் சிலர் மறுபடி தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நோயாளியிடம் பேச வேண்டாம். அது மரபணு ஆலோசகர் வேலை. ஆனால் பனிக்குட நீர் மாதிரியில் 18-ம் குரோமோசோம் மூன்றாக நிற்பதை அந்தத் தாய்க்கு முன்னால் நீங்கள் பார்த்துவிடுவீர்கள், அடுத்த கண்ணாடித் தகட்டை எடுத்து வைத்து வேலையைத் தொடர வேண்டும். சிலருக்கு இது ஒன்றும் செய்யாது. சிலர் இதனாலேயே போய்விட்டார்கள்.

சுழல்குழாய் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்றாம்ஷிப்ட் சகோ சொன்னதுதான் எங்கேயும் கிடைக்காதது. இன்னும் ரெண்டு கேள்வி. ரத்தவியல் அனுபவத்துக்கு அங்கே ஏதாவது மதிப்பு உண்டா, இல்லை மறுபடி முதலிலிருந்தா? எனக்குச் சிவப்பு, பச்சை கொஞ்சம் குழம்பும், முழு நிறக்குருடு இல்லை. குரோமோசோமில் ஒளிரும் நிறப் புள்ளி ஒட்டிப் பார்க்கும் ஃபிஷ் சோதனை எல்லாம் கலர் கலராக இருக்கிறதே?

பட்டைக்கண் எழுதியது:

ரத்தவியல் அனுபவம் வீண் போகாது, அதிலும் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவுக்கு நீங்கள் நேராகவே பொருந்துவீர்கள். மஜ்ஜையில் பிளாஸ்ட் (முதிராத ரத்த அணு) எத்தனை சதவீதம் என்று பார்க்கத் தெரிந்த ஆள், கல்ச்சரில் எத்தனை செல் போட வேண்டும், தூண்டுபொருள் வேண்டுமா வேண்டாமா என்பதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார். க்ரானிக் மைலாய்டு லுகீமியா என்ற ரத்தப் புற்றுநோயின் ஸ்லைடு நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த நோய் உள்ளவர்களின் குட்டிக் குரோமோசோமைத்தான் 1960-ல் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் பார்த்துச் சொன்னார்கள், ரௌலி அதன் மறுபாதியைக் கண்டுபிடித்தார், அந்த இணைப்பு உருவாக்கும் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் மருந்து 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாத்திரை வேலை செய்கிறதா என்று நாங்கள் இன்றும் அதே 9, 22-ஐத்தான் பார்க்கிறோம், ஊதாமூடி பிசிஆரில் அளக்கிறார்.

நிறத்தைப் பற்றி: பட்டைப் பகுப்பாய்வில் எல்லாம் கறுப்பு, வெள்ளை, சாம்பல்தான், அதில் பிரச்சினை இல்லை. ஃபிஷ்ஷில் சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் ஒட்டி மஞ்சளாகத் தெரிகிறதா என்பதே முடிவு, அங்கே கண் முக்கியம். மென்பொருளில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் பார்க்கலாம், வேறு நிறம் கொடுத்தும் பார்க்கலாம், ஆனால் நேராக நுண்ணோக்கியில் எண்ணுகிற ஆய்வகங்களில் அது உதவாது. சேரும் முன்பே சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள். பல இடங்களில் நிறப்பார்வைச் சோதனை வைத்துத்தான் எடுக்கிறார்கள்.

ஊதாமூடி எழுதியது:

ஃபிஷ் பக்கம் போனால் ஃபார்மமைடு பயன்படுத்துகிறார்களா என்றும் கேளுங்கள், கருவுக்குத் தீங்கு செய்யக்கூடிய பொருள், காற்றுறிஞ்சும் அறைக்குள் வைத்துத்தான் கையாள வேண்டும். நேர்காணலில் இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் சேர வேண்டாம்.

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

அப்படியே கல்ச்சர் தோல்வி எவ்வளவு, வார இறுதி முறை எப்படி, புது ஆளுக்குத் தனியாக ரிப்போர்ட் பார்க்க எத்தனை மாதம் பயிற்சி என்று மூன்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "வந்ததும் பார்க்கலாம்" என்று பதில் வந்தால், ஆள் பற்றாக்குறையில் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.