தும்பாகா நகைகளுக்குப் பொன்னிறம் வந்தது எப்படி?

கேள்வி:
கொலம்பியாவின் தொல்குடிகள் பொன்னும் செம்பும் கலந்து வார்த்த தும்பாகா அணிகலன்களின் படங்களைப் பார்த்தேன். செம்பு மிகுதியாக இருந்தும் அவை பசும்பொன்னாக மின்னுகின்றனவே, மேலே முலாம் பூசினார்களா?

மறுமொழி:
பூசவில்லை ஐயா, உள்ளிருந்த பொன்னையே வெளிக்கொணர்ந்தார்கள். வார்த்த நகையை நெருப்பில் காய்ச்சும்போது மேற்பரப்பிலுள்ள செம்பு கருத்த படலமாகிவிடும். அதைப் புளிப்பான தாவரச் சாற்றில் இட்டு நீக்கி, மறுபடியும் காய்ச்சி, இப்படியே பல முறை செய்தால் பொன் மட்டும் மெல்லிய அடுக்காக எஞ்சும். அதைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். நகை தேய்ந்த இடத்தில் அடியிலுள்ள செம்மை எட்டிப் பார்க்கும்.

மறுமொழி:
ஒன்று சேர்க்க விரும்புகிறேன். இந்தக் கலவை, தனிப்பொன்னையும் தனிச்செம்பையும் விடக் குறைந்த வெப்பத்தில் உருகுவதால் நுணுக்கமான வார்ப்புக்கு ஏற்றது. கொலம்பியத் தொல்குடிகளுள் ஒன்றான மூயிஸ்கா மக்கள், துன்ஹோ என்னும் சிறு உருவங்களின் மெழுகு மாதிரியில் கண்ணையும் வாயையும் மெல்லிய மெழுகு இழைகளால் அமைத்து, அம்மெழுகு உருகி வெளியேறிய அச்சில் உலோகத்தை ஊற்றி வார்த்தார்கள். அவை அணிவதற்கல்ல, தெய்வத்துக்கான காணிக்கை என்பதால் பெரும்பாலும் மெருகிடாமலே விட்டார்கள். அவர்கள் இப்படிக் காணிக்கையாக வார்த்த ஒன்றான, 1969-இல் கொலம்பியாவின் பாஸ்கா ஊரருகே குகையில் கிடைத்த, ஏறத்தாழ 19.5 செ.மீ. நீளமுள்ள பொன் தெப்பம் இப்போது பொகோட்டா பொன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மறுமொழி:
எடையை மட்டுமே பார்த்த ஸ்பானியர் இத்தகைய எண்ணற்ற வேலைப்பாடுகளை உருக்கிக் கட்டிகளாக்கியதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.