4எஸ் (நான்கு செல் பாட்டரி) ஆர்.சி. மோனோ ரேஸ் படகு: முழு வேகத்தில் மூக்கு துள்ளுகிறது, மோட்டார் சுடுகிறது. 6எஸ் போடலாமா?

குழித்துறைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும்) கார் ஓட்டிப் பழக்கம் உண்டு, படகு இதுதான் முதல். மாமா தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஃபைபர் வள்ளம் கட்டும் யார்டில் வேலை பார்க்கிறார். அவரே மோல்டு செய்து டீப்-வி ஹல் (ஆழமான வி வடிவப் படகு உடல்) ஒன்று அடித்துத் தந்தார். நீளம் 73 செ.மீ. வள்ளத்துக்குப் போடும் அதே கண்ணாடி நார் மேட், அதே பாலியஸ்டர் ரெசின், மேல்பூச்சாகச் சிவப்பு ஜெல்கோட். பார்க்க அருமையாக இருக்கிறது. வெறும் ஹல் மட்டும் 1,150 கிராம்.

உள்ளே இருப்பவை: 3660 பிரஷ்லெஸ் மோட்டார் 2000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று), தண்ணீரில் குளிரும் 120 ஆம்ப் ஈ.எஸ்.சி. (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி), 4எஸ் 5000 எம்.ஏ.எச். லைபோ பாட்டரி, 4.76 மி.மீ. ஃபிளெக்ஸ் ஷாஃப்ட் (வளையும் கேபிள்), ஆக்டுரா எக்ஸ்442 புரொப்பல்லர். எல்லாம் ஏற்றினால் 3 கிலோவுக்குச் சற்று மேல்.

பாதி திராட்டில் வரை நன்றாகப் போகிறது. முழுசாக அழுத்தினால் மூக்கு மேலும் கீழுமாகத் துள்ள ஆரம்பிக்கிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. வலப்பக்கம் திருப்பினால் சில சமயம் பின்பக்கம் வழுக்கி வட்டமடித்து நின்றுவிடுகிறது. 3 நிமிடம் ஓட்டிக் கரைக்குக் கொண்டுவந்தால் மோட்டாரில் விரல் வைக்க முடியவில்லை. ஜி.பி.எஸ். காட்டிய உச்ச வேகம் 52 கி.மீ. எனக்கு 70 தாண்ட ஆசை. பாறசாலையில் ஒரு நண்பர், 6எஸ் பாட்டரி போடு, எல்லாம் சரியாகும் என்கிறார். போடலாமா?

பாறசாலை ஸ்பீட்:

அந்த நண்பர் நான்தான். என் படகில் 6எஸ் போட்டபிறகுதான் ஆளே மாறியது. மோட்டார் 1450 கேவி, இதே எக்ஸ்442 தான். தைரியமாகப் போடலாம்.

கொளச்சல் ஃபைபர்:

தம்பி, 6எஸ் வேண்டாம். பாறசாலை நண்பர் சொல்வது அவர் மோட்டாருக்குச் சரி. 1450 கேவியை 6எஸ்ஸின் 22.2 வோல்ட்டால் பெருக்கினால் 32,000 ஆர்.பி.எம். சொச்சம். உங்கள் 2000 கேவிக்கு அதே பாட்டரியைக் கொடுத்தால் 44,400. புரொப்பல்லர் கேட்கும் சக்தி ஆர்.பி.எம்.மின் மூன்றாம் அடுக்காக (1.5 × 1.5 × 1.5 என்பதுபோல்) ஏறும். சுழற்சி ஒன்றரை மடங்கானால் சக்தி கிட்டத்தட்ட 3.4 மடங்கு, வோல்ட் ஒன்றரை மடங்காகிவிட்டதால் கரண்ட் 2.25 மடங்கு. இப்போது 80 ஆம்ப் இழுக்கிறது என்று வையுங்கள், 180 ஆகும். உங்கள் 120 ஆம்ப் ஈ.எஸ்.சி. கரையை விட்டுப் போவதற்குள் புகைந்துவிடும்.

இப்போது கையில் இருப்பதை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். எக்ஸ்442 என்றால் விட்டம் 42 மி.மீ., பிட்ச் அதைப்போல் 1.4 மடங்கு, அதாவது 58.8 மி.மீ. ஒரு சுற்றுக்கு அவ்வளவு தூரம் தள்ள வேண்டும். 4எஸ் 14.8 வோல்ட்டில் வெறும் சுழற்சி 29,600. தண்ணீரில் சுமை ஏறி, பாட்டரி வோல்ட்டும் இறங்கினால் 24,000 என்று வைப்போம். அப்படியானால் மணிக்கு 84 கி.மீ. சொச்சம் வரும். நல்ல ஹல்லில் 15 முதல் 20 சதவீதம் வழுக்கலில் போகும். மீதி 70 கி.மீ. அதாவது நீங்கள் கேட்கும் வேகம் இந்த மோட்டாரிலும் இந்த பாட்டரியிலும் ஏற்கெனவே இருக்கிறது. உங்களுக்கு 52தான் வருகிறது என்றால், மிச்சத்தை ஹல்லின் அடிப்பக்கமும் ஷாஃப்டும் சாப்பிடுகின்றன. அங்கே கை வைக்காமல் பாட்டரியைப் பெரிதாக்குவது எனக்குச் சம்மதமே இல்லை.

நான் பகலெல்லாம் 30 அடி வள்ளம் அடிக்கிறவன், அதனால் மாமா செய்த வேலையை என்னால் கண்ணால் காண முடிகிறது. வள்ளத்துக்கு அந்த மேட் சரி. கல்லில் மோதும், மணலில் இழுபடும், கனம் இருக்கத்தான் வேண்டும். இதற்கு அது ஆகாது. பாலியஸ்டர் இறுகும்போது எப்பாக்சியைவிட நன்றாகச் சுருங்கும். மோல்டிலிருந்து சீக்கிரம் கழற்றிவிட்டால், நேராக இருக்க வேண்டிய அடிப்பக்கம் மெல்ல வளைந்துபோகும். வள்ளத்தில் 2 மி.மீ. வளைவை யாரும் பார்க்கமாட்டார்கள். 70 கி.மீ. வேகத்தில் உங்கள் படகு தண்ணீரில் பதிவது கடைசி ஒரு சாண் மட்டும். அந்த ஒரு சாணில் 2 மி.மீ. வளைவு என்றால் பெரிய விஷயம்.

செய்ய வேண்டியது இதுதான். ஹார்டுவேர் கடையில் 60 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் வாங்குங்கள். படகைக் கவிழ்த்துப் போட்டு, நடுக்கோட்டுக்கு ஒரு பக்கமாக, முன்னிருந்து பின்னாக ஸ்கேலைச் சாய்க்காமல் வையுங்கள். பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். கடைசி 20 செ.மீ.யில் வெளிச்சம் எங்கே கசிகிறது? பின்முனையில் கசிந்தால் அடிப்பக்கம் வெளியே புடைத்து, வால் மேலே ஏறியிருக்கிறது. மூக்கு துள்ளுவதற்கு அதுதான் முதல் காரணம். நடுவில் கசிந்து முனை ஒட்டினால் உள்வளைவு. அப்படிப்பட்ட படகு துள்ளாது, மூக்கைத் தண்ணீரில் புதைத்துக்கொண்டு போகும். ஆகவே உங்களுடையது முதல் வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்து விளிம்புகள். ஜெல்கோட் அடித்த ஹல்லில் பின்பக்க விளிம்பும் பக்க விளிம்புகளும் உருண்டை பிடித்திருக்கும். உருண்ட விளிம்பைத் தண்ணீர் விடாது, ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். அங்கே நகம் வைத்தால் நகம் மாட்ட வேண்டும், அந்த அளவுக்குக் கூர்மை தேவை. மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மின்ன வேண்டிய அவசியமில்லை. 600 உப்புத்தாள் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போதும்.

சமநிலைப் புள்ளியும் பாருங்கள். பாட்டரி ஏற்றி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலில் படகைத் தூக்குங்கள். பின்பக்கத்திலிருந்து நீளத்தில் 28 முதல் 32 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். உங்கள் 73 செ.மீ.க்கு 20 முதல் 23 செ.மீ. அதற்குப் பின்னால் இருந்தால் பாட்டரியை முன்னுக்குத் தள்ளுங்கள். ஸ்ட்ரட் (ஷாஃப்டின் பின்முனையைத் தாங்கும் கால்) கீல் கோட்டுக்கு, அதாவது அடிப்பக்க நடுக்கோட்டுக்கு, இணையாக இருக்கட்டும். டிரிம் டேப் (பின்சுவரில் உள்ள சிறு தகடு) இரண்டும் அடிப்பக்கத்தோடு ஒரே மட்டத்தில். அதற்கு மேலும் துள்ளினால் டேப்களை மயிரிழை அளவு இறக்குங்கள், ஒரு மி.மீ.கூட அதிகம்.

மோட்டார் சூடு வேறு கதை. பாட்டரியைக் கழற்றிவிட்டு புரொப்பல்லரை இரண்டு விரலால் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது இறுகி, எங்கேயாவது தளர்ந்தால் மோட்டாரும் ஷாஃப்ட் டியூபும் நேர்கோட்டில் இல்லை. அப்புறம் ஸ்ட்ரட்டுக்கும் டிரைவ் டாக்குக்கும் (புரொப்பல்லரைப் பிடித்துச் சுற்றும் துண்டு) நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறீர்கள்? ஃபிளெக்ஸ் கேபிள் சுமையில் முறுக்கேறி நீளம் குறையும். இடைவெளி இல்லாவிட்டால் டாக் ஸ்ட்ரட்டில் உரசி, பிரேக் பிடித்தமாதிரி ஆகும். 2 முதல் 3 மி.மீ. வேண்டும். ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் கேபிளை உருவித் துடைத்து, மரைன் கிரீஸ் பூசித் திரும்பப் போடுங்கள். கடைசியாக, நம் குளத்துத் தண்ணீர் ஏப்ரல், மே மாதத்தில் வெதுவெதுப்பாக இருக்கும். ஐரோப்பாக்காரர் வீடியோவில் குளிர்ந்த ஏரியில் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு அதே கூலிங் நமக்கும் போதும் என்று நினைக்கக்கூடாது. குழாயிலிருந்து வெளியேறும் தண்ணீர் நூலாக வருகிறதா, பீச்சி அடிக்கிறதா என்று பாருங்கள்.

ஓட்டமும் 3 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 80 ஆம்ப் இழுத்தால் 3 நிமிடத்தில் 4000 எம்.ஏ.எச். தீர்ந்துவிடும். லைபோவில் 20 சதவீதம் மிச்சம் வைக்க வேண்டும்.

பூவாறு வாசி:

கொளச்சல் அண்ணன் படகைப் பார்த்துக்கொண்டார், நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். பிறந்தது களியக்காவிளை, கட்டிக்கொண்டு வந்தது பூவாறு. நானும் மகனும் சேர்ந்து ஓட்டுகிறோம்.

தம்பி எந்தக் குளத்தில் ஓட்டுகிறீர்கள்? குளிக்கும் படித்துறை இருந்தால் அங்கே தயவுசெய்து வேண்டாம். 3 கிலோ எடை 50 கி.மீ. வேகத்தில் ஒருவர் தலையில் பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தலை மட்டும் வெளியே தெரியக் குளிப்பவர் தூரத்திலிருந்து கண்ணில் படமாட்டார். மீன் குத்தகைக்கு விட்ட குளம் என்றால் குத்தகைக்காரரிடம் முதலில் பேசிவிடுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஆகாயத்தாமரை மிதக்கும் குளத்தில் வேர் ஷாஃப்டில் சுற்றினால் ஈ.எஸ்.சி. போய்விடும்.

பூவாற்றுப் பொழியில் ஓட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். நெய்யாறு கடலில் சேரும் இடம், சுற்றுலாப் படகு ஓயாமல் போகும், தண்ணீரும் உப்பு. எனக்கு அது பிடிக்காது. தேங்காய்ப்பட்டணத்திலும் அப்படித்தான். உப்புத்தண்ணீரில் ஓட்டியே ஆகவேண்டும் என்றால், முடிந்த கையோடு கூலிங் குழாயில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பேரிங்கில் எண்ணெய் விட வேண்டும்.

இன்னும் மூன்று விஷயம், இவை இல்லாமல் தண்ணீரில் இறக்கவே வேண்டாம். ரிசீவரில் ஃபெயில்சேஃப் அமைத்து, ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்று கரையிலேயே பாருங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது, ஆகவே ஆன்டெனா முனை டெக்குக்கு மேலே குழாயில் நிற்க வேண்டும். ஹல்லின் மூக்குக்குள்ளும் பக்கங்களிலும் ஃபோம் அடையுங்கள். கனமான பாலியஸ்டர் ஹல் தண்ணீர் புகுந்தால் நேரே அடியில் போய்விடும்.

குழித்துறைக்காரன்:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அண்ணன் சொன்னது அப்படியே. பின்முனையில் இடப்பக்கம் 1.5 மி.மீ., வலப்பக்கம் 1 மி.மீ. வெளிச்சம் தெரிகிறது. டாக் இடைவெளி ஒரு தாள் நுழையும் அளவுதான் இருந்தது. மாமாவிடம் சொன்னேன், கார் பட்டறையில் அடிக்கும் பட்டி போட்டு நிரவிவிடலாம் என்கிறார். போடலாமா? இல்லை புதிதாக ஹல்லே அடிக்கலாமா?

கொளச்சல் ஃபைபர்:

நிரவுவது, புது ஹல் இரண்டும் செய்யலாம், முதலில் இதைச் சரிசெய்து ஓட்டிப் பாருங்கள். கார் பட்டி வேண்டாம், தண்ணீர் குடிக்கும், கூர்மையான விளிம்பு வைத்தால் உதிரும். ஜெல்கோட்டை 80 உப்புத்தாளில் நன்றாகக் கீறிவிட்டு, எப்பாக்சியில் சிலிகா பொடி கலந்து, வெண்ணெய் பதத்தில் போடுங்கள். இறுகிய பாலியஸ்டர் மேல் எப்பாக்சி நன்றாகப் பிடிக்கும். பின்பக்கச் சுவரில் மெழுகு தடவிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, அதற்கு எதிராக நிரப்புங்கள். கண்ணாடியைக் கழற்றும்போது விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். தேய்க்கும்போது உப்புத்தாளைக் கையில் பிடிக்காமல், நேரான அலுமினியம் சேனலில் ஒட்டித் தேய்க்க வேண்டும். கையால் தேய்த்தால் பழைய வளைவு திரும்பிவிடும்.

புது ஹல் அடிக்கும்போது மாமாவிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: எப்பாக்சியோடு வழக்கமான மேட் சேராது. மேட்டின் நார்களை ஒட்டி வைத்திருக்கும் பசையைக் கரைப்பது பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீன். எப்பாக்சியில் அது இல்லை, நார் விறைத்துக்கொண்டு நிற்கும். நெய்த கண்ணாடித் துணிதான் வேண்டும், மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு, கீலிலும் பின்சுவரிலும் கார்பன் பட்டை. 600 கிராமுக்குள் முடிக்கலாம். நம் ஊர் மழைக்காலத்தில் அடித்தால், இறுகிய எப்பாக்சி மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு படியும். அடுத்த அடுக்குக்கு முன் வெந்நீரும் ஸ்காட்ச் பிரைட்டும் போட்டுத் துடைக்காவிட்டால் அடுக்கு உரிந்து வரும்.

குழித்துறைக்காரன்:

அண்ணே, நேற்று ஓட்டினேன். துள்ளல் போயே போய்விட்டது! அடிப்பக்கம் நிரவினேன், பாட்டரி 3 செ.மீ. முன்னால் போனது, டாக் இடைவெளி 2.5 மி.மீ. ஜி.பி.எஸ். 64. மோட்டாரில் விரல் வைத்துக்கொண்டே இருக்க முடிகிறது. வலப்பக்கத் திருப்பத்தில் வழுக்குவது மட்டும் இன்னும் இருக்கிறது.

பாறசாலை ஸ்பீட்:

12 கி.மீ. கூடிவிட்டதா! சரி, 6எஸ் பேச்சை நான் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்கேலை எடுத்துக்கொண்டு இங்கே வா, என் படகையும் பார்ப்போம்.

கொளச்சல் ஃபைபர்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. திருப்பத்தில் வழுக்குவதற்கு டர்ன் ஃபின் (திருப்பத்தில் தண்ணீரைப் பிடிக்கும் தகடு) இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இல்லையென்றால் பின்சுவரின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போடுங்கள். அமெரிக்காவின் நம்பா, இம்ப்பா என்ற மாடல் படகுச் சங்கங்களின் ஓவல் ஓட்டங்கள் வலஞ்சுழியாகத்தான் நடக்கும், அங்கே வலப்பக்க ஃபின் இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. சுக்கான் தகட்டின் முன்விளிம்பும் கூராக இருக்க வேண்டும், பின்விளிம்பு தடிமனாகச் சதுரமாக விடுங்கள்.

மிச்ச 6 கி.மீ. புரொப்பல்லரில் இருக்கிறது. ஆக்டுரா வார்ப்பிலிருந்து வரும்போது மொட்டையாகத்தான் வரும், வாங்கியபடியே மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முன்விளிம்பைக் கூராக்கி, இரண்டு இறக்கையும் ஒரே எடைக்கு வரும்படி பாலன்ஸ் செய்ய வேண்டும். ஆனால் அது பெரிலியம் காப்பர். அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். வாளித் தண்ணீருக்குள் முக்கிப் பிடித்து, ஈர உப்புத்தாளில் மட்டும் தேய்த்து, அந்தத் தண்ணீரையும் துணியையும் பிள்ளைகள் கைபடாத இடத்தில் அப்புறப்படுத்துங்கள். தேய்ப்பதற்கு முன் இரண்டு இறக்கைகளின் முன்விளிம்பையும் கிட்டத்தில் படமெடுத்து இங்கே போடுங்கள், எவ்வளவு எடுக்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.