ஸ்காஜிட்டில் ஸ்டீல்ஹெட் குஞ்சு மறுபடி விடலாமா?

தூண்டில்முள்:
வாஷிங்டன் மாநிலத்து ஸ்காஜிட் ஆத்துல, 2014 வழக்குச் சமரசத்துக்கு அப்புறம் பொரிப்பகத்துல வளர்த்த குளிர்கால ஸ்டீல்ஹெட் குஞ்சு விடுறதை 12 வருஷத்துக்கு நிறுத்தினாங்க. ஸ்டீல்ஹெட்னா கடலுக்குப் போய் வளர்ந்து திரும்புற வானவில் ட்ரவுட். நம்ம அவலாஞ்சியில பொரிக்கிற அதே இனம். கெடு முடிஞ்சதும் மறுபடி விடணும்ங்கிறது என் கட்சி. முதுகுல வாலுக்குப் பக்கத்துல இருக்கிற சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டியிருந்தா பொரிப்பக மீன், வீட்டுக்குக் கொண்டு போகலாம். துடுப்பு முழுசா இருந்தா ஆத்து மீன், தண்ணியிலேயே விட்டுடணும். இதுல ஆத்து மீனுக்கு என்ன கெடுதல்?

கூழாங்கல்:
கெடுதல், தூண்டில்ல மாட்டாத பொரிப்பக மீனாலதான் அண்ணா. அது ஆத்துலயே தங்கி ஆத்து மீனோட இனம் சேருது. ஆரெகான்ல ஹூட் ஆத்து ஸ்டீல்ஹெட்டுக்கு மரபணு வெச்சு எது எதோட வாரிசுன்னு பார்த்தாங்க. பொரிப்பகத்துல வளர்ற ஒவ்வொரு தலைமுறைக்கும் இனப்பெருக்கத் திறன் ஏறக்குறைய 40 சதவீதம் குறையுதுன்னு 2007ல வெளியிட்டாங்க. பொரிப்பகத்துல தீவனம் போட்டு ஒரே வருஷத்துல பெருசாக்கி விடுறோம். ஆத்துல பிறந்த குஞ்சு பெரும்பாலும் ரெண்டு வருஷமாவது வெள்ளத்தையும் பசியையும் தாங்கித்தான் கடலுக்குப் போகுது. நான் கையில பிடிச்ச ஒரு பொரிப்பக மீனுக்கு முதுகுத் துடுப்பு நுனி மழுங்கி, முள்ளெல்லாம் வளைஞ்சிருந்துச்சு. சிமெண்ட் தொட்டியில நெருக்கி வளர்த்த அடையாளம் அது.

தூண்டில்முள்:
கலப்பு வேண்டாம்னுதானே சேம்பர்ஸ் கிரீக்ங்கிற பொரிப்பக வகையைச் சீக்கிரமே சினைக்கு வர்ற மாதிரி தேர்ந்தெடுத்து வளர்த்தாங்க? அது டிசம்பர், ஜனவரியில வரும். ஆத்து மீன் முட்டையிடுறது மார்ச்சுக்கு மேல.

கூழாங்கல்:
பெரும்பாலும் மார்ச்சுக்கு மேல. ஆத்து மீன்லயும் முந்தி வர்ற கூட்டம் ஒண்ணு இருக்கு. டிசம்பர்ல பொரிப்பக மீனுக்காக வலையும் தூண்டிலும் போட்டா முதல்ல அடிபடுறது அதுதான். ஒரு வருஷம் வெள்ளம் வந்து மத்த முட்டையை அடிச்சிட்டுப் போனா, இனத்தைக் காப்பாத்துறது இந்த மாதிரி காலம் மாறி வர்ற மீன்தான். ஸ்காஜிட் போய்ச் சேர்ற கடற்கழி பியூஜெட் சவுண்ட். அந்தப் பகுதி ஸ்டீல்ஹெட் 2007லேயே அழிவு அபாயப் பட்டியலுக்குப் போயாச்சு.

நீரோட்டம்:
இருவரும் பழங்குடிகளை விட்டுவிட்டீர்கள். அமெரிக்க அரசோடு செய்த 1855 ஒப்பந்தத்தில் நிலத்தைக் கொடுத்தவர்கள் மீன்பிடி உரிமையைக் கொடுக்கவில்லை. பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுடையது என்று 1974இல் நீதிபதி போல்ட்டின் தீர்ப்பு வந்தது. அணை கட்டி, காட்டை வெட்டி ஆற்றைக் கெடுத்தது அவர்கள் அல்ல. ஆறு சீராகும்வரை பொரிப்பகத்தையும் மூடிவிட்டால் அந்தப் பாதி எதில் பாதி? இதே மாநிலத்தின் ஈஸ்ட் ஃபோர்க் லூயிஸ், விண்ட் ஆறுகளை ஆற்று மீனுக்கென்றே ஒதுக்கியதுபோல் சிலவற்றை ஒதுக்குங்கள். மற்றவற்றில் குஞ்சு விடட்டும்.

தூண்டில்முள்:
நீரோட்டம் ஐயா சொல்றதை ஏத்துக்கிறேன். ஆனா ஸ்காஜிட்டை ஒதுக்குற பக்கம் வெச்சிடாதீங்க. திரும்பி வர்ற பொரிப்பக மீனைத் தடுப்பு கட்டி மறிச்சு, முட்டையிடுற இடத்துக்குப் போகவிடாம எடுத்துட்டா கூழாங்கல் தம்பிக்குச் சம்மதமா?

கூழாங்கல்:
சின்ன ஓடையா இருந்தா சம்மதம்ணா. பியூஜெட் சவுண்ட்லயே பெரிய ஆறு இது. மழைக்காலப் பெருக்குல அதுல எந்தத் தடுப்பு நிக்கும்?